சூரியனே இல்லாத ஜூன் மாதத்தில் வெப்பம் எங்கிருந்து வந்தது?

குடியாத்தத்திலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் கேட்டது இது: "சார், எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக அண்டார்டிகாவின் மெக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகளின் குளிர்கால வெப்பநிலைத் தரவை எடுத்திருக்கிறேன். ஜூன் மாதம் அங்கே சூரியனே கிடையாது. ஆனாலும் ஒரே ராத்திரியில் இருபத்தைந்து டிகிரிக்கு மேல் ஏறியிருக்கிறது. இரண்டு நாள் கழித்து மறுபடி இறங்கிவிட்டது. கருவி பழுதா? அந்த எண்களை நீக்கிவிட்டு மாதச் சராசரி எடுத்துக்கொள்ளலாமா?"

தம்பி, அந்த எண்களில் மட்டும் கை வைக்காதே. நீ நீக்க நினைக்கிற அந்த இரண்டு நாளில்தான் உன் ப்ராஜெக்டின் உயிரே இருக்கிறது. கருவி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. காற்று வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இந்த "அவ்வளவுதான்" என்பதற்குள் நிறைய விஷயம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் இடத்தை மனதில் வாங்கிக்கொள். தெற்கு அட்சம் 77 டிகிரிக்கும் கீழே, ராஸ் கடலின் மேற்குக் கரையில் டிரான்ஸ் அண்டார்டிக் மலைத்தொடர் நிற்கிறது. அதற்குப் பின்னால் 2,000 மீட்டருக்கும் மேல் உயரத்தில் பனிப் பீடபூமி. அந்தப் பனி கடலை நோக்கி வழிந்துவிடாமல் மலைகள் தடுத்துவிடுவதால் நடுவில் சில பள்ளத்தாக்குகள் பனி மூடாமல் வெறும் கல்லும் மணலுமாகக் கிடக்கின்றன. டெய்லர், ரைட், விக்டோரியா என்ற மூன்றும் அவற்றில் பெரியவை. 1903 டிசம்பரில் ராபர்ட் ஸ்காட்டின் குழு தற்செயலாக முதல் பள்ளத்தாக்குக்குள் இறங்கியது. ரைட் பள்ளத்தாக்கில் ஆனிக்ஸ் என்று ஓர் ஆறு இருக்கிறது. அண்டார்டிகாவிலேயே நீளமான ஆறு அதுதான், சுமார் 30 கிலோமீட்டர். கோடையில் சில வாரங்கள் மட்டும் பனியாற்று நீர் ஓடும், மற்ற நாளெல்லாம் வெறும் தடம். நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று நம் வேலூரைச் சொல்வார்களே, அந்த வர்ணனை அங்கேதான் எழுத்துக்கு எழுத்து பொருந்தும்.

ஏப்ரல் கடைசியில் மறைகிற சூரியன் அங்கே ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் திரும்பத் தலைகாட்டும். கிட்டத்தட்ட நான்கு மாத இரவு. சூரியன் இல்லையென்றால் வெப்பநிலை ஒரே சீராக இறங்கிக்கொண்டே போக வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உனக்கும் அப்படித் தோன்றியதால்தான் கருவி மேல் சந்தேகம் வந்தது.

காற்று அசையாத இரவில் என்ன நடக்கிறது என்பதை நீ நம் ஊரிலேயே பார்த்திருக்கிறாய். மார்கழி விடியற்காலையில் ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரச் சாலையில் வண்டி ஓட்டியிருப்பாய். மேட்டில் வரும்போது குளிர் தாங்கும்படிதான் இருக்கும். சாலை இறங்கி ஓடைத் தரைப்பாலத்துக்கு வந்ததும் சட்டென்று முழங்கால் வரை தண்ணீரில் இறங்கியது போல ஒரு குளிர் வந்து அறையும். பாலம் தாண்டி ஏறினால் போய்விடும். அங்கே யாரோ சருகு கொளுத்தியிருந்தால் அந்தப் புகை மேலே போகாமல் தென்னை உயரத்தில் படுத்து வயல் மேல் பாய் விரித்தது போலக் கிடக்கும். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிற காற்று குளிர்ந்து கனமாகிச் சரிவில் மெல்ல வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. மேலே போகப் போகக் குளிர வேண்டிய காற்று இங்கே தலைகீழாக, மேலே போகப் போகச் சூடாக இருக்கிறது. இதைத்தான் வெப்பநிலைத் தலைகீழ் அடுக்கு என்கிறோம். நம் ஊரில் காலை எட்டு, ஒன்பது மணிக்கு வெயில் வந்து அந்தக் குளத்தை உடைத்துவிடும்.

அங்கே உடைக்க வெயில் வராது. நான்கு மாதம் வராது. காற்றில் ஈரமும் மிகக் குறைவு, அதனால் தரை விடுகிற சூட்டைப் பிடித்துத் திருப்பித் தரவும் ஆளில்லை. அடிவாரத்தில் குளிர்க்காற்று குளம் போலத் தேங்கி, நாள் கணக்கில் அப்படியே நிற்கும்.

ஆனால் இங்கேயும் ஒரு எல்லை உண்டு. தரை குளிரக் குளிர அது விடுகிற கதிர்வீச்சும் குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் வானத்திலிருந்து வருவதற்கும் தரையிலிருந்து போவதற்கும் ஏறக்குறைய சமநிலை வந்துவிடும். அதனால்தான் அண்டார்டிகாவின் குளிர்காலத்தை "மையமில்லாத குளிர்காலம்" என்பார்கள். மார்ச், ஏப்ரலில் மளமளவென்று இறங்கும், மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை பெரிதாக இறங்காது, தட்டையாகப் போகும். நமக்கு ஜனவரி முதல் பாதி உச்சக் குளிர் என்று சொல்ல முடிவது போல அங்கே ஒரு மாதத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. உன் மாதச் சராசரி வரைபடத்தில் மே முதல் ஆகஸ்ட் வரை கோடு அடியில் தட்டையாகக் கிடப்பதை நீயே பார்த்திருப்பாய்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் இதில் சறுக்குகிறார்கள். தினசரி அதிகபட்சம், குறைந்தபட்சம் என்று பிரிக்கிற பழக்கத்தை அந்த நான்கு மாதத்துக்கு விட்டுவிடு. நம் ஊரில் மதியம் இரண்டு, மூன்று மணிக்கு உச்சம், விடியலுக்கு முன் தாழ்வு என்று ஒரு தாளம் உண்டு. ஜூன் மாத அண்டார்டிகாவில் அந்தத் தாளமே இல்லை. உச்சம் ராத்திரி இரண்டு மணிக்கும் வரலாம், பகல் பதினொன்றுக்கும் வரலாம். நள்ளிரவில் நாளை வெட்டினால் ஒரே நிகழ்வு இரண்டு துண்டாகி, இரண்டு நாளின் கணக்கும் கெடும்.

சரி, அந்த இருபத்தைந்து டிகிரிக்கு வருவோம். சில நாள் ராஸ் கடல் பக்கம் ஒரு தாழ்வழுத்தம் வந்து நிற்கும். அதன் இழுப்பில் தென்மேற்கிலிருந்து பலமான காற்று மலைத்தொடரைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் இறங்கும். இறங்கும்போது காற்று அமுக்கப்படுகிறது. பஞ்சர் கடை கம்ப்ரெசர் ஓடி முடித்ததும் காற்று அடைக்கிற சிலிண்டர் தலையைத் தொட்டிருக்கிறாயா? கை வைக்க முடியாது. அமுக்கினால் சூடேறும். ஈரமில்லாத காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 9.8 டிகிரி ஏறும். இரண்டு கிலோமீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட இருபது டிகிரி. அதோடு, அடியில் தேங்கிக் கிடந்த குளிர்க்குளத்தையும் அந்தக் காற்று துடைத்துத் தள்ளிவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் உன் இருபத்தைந்து டிகிரி வந்துவிடும். முப்பது டிகிரி வரை ஏறிய நிகழ்வுகளும் அங்கே பதிவாகியிருக்கின்றன.

நம் ஊரிலும் இதற்கு ஒரு சாயல் உண்டு. பெங்களூர் 900 மீட்டருக்கு மேல், வேலூர் 200 மீட்டருக்குச் சற்று மேல். நடுவில் 700 மீட்டர் இறக்கம். ஆனி மாதத்தில் மேற்கிலிருந்து வருகிற காற்று கர்நாடகப் பீடபூமியிலிருந்து இறங்கி ஆம்பூர், பள்ளிகொண்டா வழியாக நம் மேல் வீசும்போது அந்த இறக்கம் ஒன்றே ஏழு டிகிரியைக் கூட்டிக் கொடுத்துவிடும். பெங்களூர் 33-இல் இருக்கும்போது நாம் 40-இல் வெந்துகொண்டிருப்பதற்கு இது மட்டுமே காரணமில்லை, ஆனால் பெரும்பங்கு இதில் இருக்கிறது.

இந்தக் காற்றுக்கு ஃபோன் (foehn) காற்று என்று பெயர், ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் வைத்த பெயர். மெக்மர்டோவில் வெகுகாலம் இதைக் கட்டபாட்டிக் காற்று என்றுதான் சொல்லிவந்தார்கள். அதாவது பீடபூமியில் குளிர்ந்து கனமான காற்று தன் எடையாலேயே சரிந்து வருவது. 2010-இல் ஜோஹன்னா ஸ்பியர்ஸும் உடன் ஆய்வாளர்களும் அந்தப் பலமான நிகழ்வுகளைப் பிரித்துப் பார்த்து, அழுத்த வேறுபாட்டால் மலை தாண்டித் தள்ளப்படுகிற ஃபோன் காற்றுதான் இது என்று காட்டினார்கள். இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. கட்டபாட்டிக் என்றால் காரணம் பீடபூமியின் குளிர். ஃபோன் என்றால் காரணம் கடல் மேல் நகர்கிற தாழ்வழுத்தங்கள். அப்படியென்றால் பள்ளத்தாக்கின் குளிர்காலம் எப்படி இருக்கும் என்பதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நடக்கிற புயல்களின் பாதை தீர்மானிக்கிறது.

அவர்கள் பயன்படுத்திய அளவுகோலை நீயும் எடுத்துக்கொள். காற்றின் வேகம் நொடிக்கு 5 மீட்டரைத் தாண்ட வேண்டும், திசை தென்மேற்காக நிலைக்க வேண்டும், வெப்பநிலை மணிக்கு ஒரு டிகிரியாவது ஏற வேண்டும், ஒப்பு ஈரப்பதம் மணிக்கு 5 சதவீதமாவது இறங்க வேண்டும். நான்கும் சேர்ந்து நடந்தால் அது ஃபோன் காற்றின் தொடக்கம். ஆகவே உன் கேள்விக்கு நேரடி விடை வேண்டுமென்றால், வெப்பநிலைப் பத்தியை விட்டுவிட்டு அதே நேரத்துக்கான காற்று வேகம், திசை, ஈரப்பதம் மூன்றையும் பார். வெப்பம் ஏறி ஈரப்பதம் விழுந்து காற்றும் எழுந்திருந்தால் கருவி உண்மை பேசுகிறது. காற்று துளியும் அசையாமல் வெப்பநிலை மட்டும் ஒரே தாவலில் ஏறியிருந்தால் அப்போது ஒயரைச் சந்தேகப்படு.

உன்னிடம் போனி, ஹோர், ஃப்ரிக்ஸெல், வாண்டா, வைடா என்று ஐந்து ஏரிகளின் நிலையங்கள் இருப்பதாகச் சொன்னாய். அவற்றில் வைடாவைத் தனியாக எடுத்து வை. விக்டோரியா பள்ளத்தாக்கில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டரில், அகன்ற கிண்ணம் போன்ற இடத்தில் இருக்கிறது. மற்றவற்றைவிட உயரம் கொஞ்சம்தான் கூடுதல், அந்த உயரத்துக்கு மூன்று டிகிரி குறைந்தால் நியாயம். ஆனால் அங்கே குளிர்காலத்தில் மைனஸ் 65 வரை போயிருக்கிறது. பள்ளத்தாக்குத் தரையின் ஆண்டுச் சராசரி இடத்தையும் வருடத்தையும் பொறுத்து மைனஸ் 15-இலிருந்து மைனஸ் 30 வரை மாறுகிறது, அதில் மைனஸ் 30 பக்கம் நிற்பது வைடாதான். காரணம் என்னவென்றால், அந்தக் கிண்ணத்தில் தேங்கிய குளிர்க்காற்று அவ்வளவு கனமானது. மேலே ஃபோன் காற்று வந்தாலும் பல சமயம் அதைத் துளைக்க முடியாமல் அதன் மேலேயே வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. டெய்லர் பள்ளத்தாக்கின் உள்ளே இருக்கிற போனி ஏரி அதற்கு நேர் எதிர். காற்று வருகிற வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஃப்ரிக்ஸெலைவிட உள்நாட்டில் இருக்கிற போனிக்குத்தான் சூடான குளிர்காலம். கடலோரம் மிதமாக இருக்கும், உள்ளே போனால் குளிரும் என்று பள்ளிக்கூடத்தில் நான் சொல்லிக்கொடுத்தது அங்கே செல்லாது.

இப்போது சராசரிக்கு வருகிறேன். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்: பதினைந்து நாளில் பத்து நாள் காற்றில்லாமல் மைனஸ் 40, ஐந்து நாள் ஃபோன் அடித்து மைனஸ் 20. சராசரி மைனஸ் 33. ஆனால் அந்தப் பதினைந்து நாளில் ஒரு நாள்கூட மைனஸ் 33-இல் இல்லை. அடுத்த வருடம் ஏழு நாள் அமைதி, எட்டு நாள் காற்று. சராசரி மைனஸ் 29. நான்கு டிகிரி "வெப்பமயமாதல்" என்று எழுதிவிடுவாய். அமைதியான நாள் அதே மைனஸ் 40, காற்று நாள் அதே மைனஸ் 20. எதுவும் சூடாகவில்லை, மூன்று நாள் கூடுதலாகக் காற்றடித்தது. ஆகவே மாதச் சராசரிக்கு முன்னால், மணிவாரி எண்களை எத்தனை முறை எந்த வெப்பநிலையில் நின்றது என்று அடுக்கி வரைந்து பார். பல நிலையங்களில் இரண்டு திமில் தெரியும். அந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டுதான் வருடத்துக்கு வருடம் ஒப்பிட வேண்டும். எந்தத் திமில் நகர்ந்தது, அல்லது நகராமல் எது உயர்ந்தது எது தாழ்ந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2002-இல் பீட்டர் டோரன் குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1986 முதல் 2000 வரை இந்தப் பள்ளத்தாக்குகள் பத்தாண்டுக்கு 0.7 டிகிரி வீதம் குளிர்ந்திருக்கின்றன என்று அதில் இருந்தது. முக்கியமாகக் கோடையிலும் இலையுதிர் காலத்திலும். அவர்கள் சொன்னது ஒரு சிறு இடத்தில் ஒரு குறுகிய காலத்தில் கண்டது. ஆனால் புவி வெப்பமாதலே பொய் என்று வாதிடுகிறவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தார்கள். டோரனே 2006-இல் பத்திரிகையில் எழுதி, என் ஆய்வை இப்படித் திரிக்காதீர்கள் என்று மறுக்க வேண்டியதாயிற்று. ஒரு சராசரி எண் அதன் பின்னணியை விட்டுத் தனியாக வெளியே போனால் என்ன ஆகும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சம்பவம்தான் ஞாபகம் வரும்.

அப்புறம், அந்த எண்கள் எப்படிக் கிடைக்கின்றன என்று யோசித்துப் பார்த்திருக்கிறாயா? 1969-இல் நியூசிலாந்துக்காரர்கள் வாண்டா ஏரிக்கரையில் குளிர்காலம் முழுக்கத் தங்கிப் பதிவெடுத்தார்கள். பாதரச வெப்பமானி மைனஸ் 38.8-லேயே உறைந்துபோகும், அதனால் அந்தக் குளிருக்கு ஆல்கஹால் வெப்பமானிதான் வேண்டும். எண்பதுகளின் மத்தியிலிருந்து தானியங்கி நிலையங்கள் வந்துவிட்டன. தரையிலிருந்து மூன்று மீட்டரில் ஒரு கை நீண்டிருக்கும். அதன் நுனியில் இட்லித் தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கியது போல ஒரு வெள்ளைக் கவசம், அதற்குள் விரல் நுனியளவு உணரி. முப்பது நொடிக்கு ஒருமுறை படித்து, பதினைந்து நிமிடச் சராசரியாக நினைவகத்தில் எழுதிவைக்கும். நான்கு மாதம் சோலார் பலகையால் பயனில்லை. கோடையில் சேமித்த பேட்டரிதான் ஓட்ட வேண்டும், அந்தக் குளிரில் பேட்டரியின் கொள்ளளவும் சுருங்கும். நவம்பருக்கு மேல் ஹெலிகாப்டரில் ஆள் போய்த்தான் தரவை இறக்கி எடுப்பார்கள். ஜூனில் ஒயர் அறுந்தால் அது தெரியவே ஐந்து மாதம் ஆகும்.

இதில் உனக்கு ஒரு பொறி இருக்கிறது. தரவில் இருக்கிற இடைவெளிகள் கண்டபடி விழுந்தவை இல்லை. பேட்டரி பெரும்பாலும் கடுங்குளிரில்தான் கைவிடும், அப்போது குளிர்ந்த நாட்கள் காணாமல் போய் மாதம் சூடாகத் தெரியும். நொடிக்கு 30 மீட்டரைத் தாண்டுகிற காற்றில் கை உடைந்தால் சூடான மணிகள் காணாமல் போகும், மாதம் குளிராகத் தெரியும். இடைவெளியைப் பக்கத்து எண்களைக் கொண்டு நேர்கோடு போட்டு நிரப்பிவிடாதே. அது தொடங்குவதற்கு முந்தைய ஆறு மணி நேரம் காற்று என்ன செய்துகொண்டிருந்தது என்று பார். அதன் பிறகு நிரப்பலாமா, வேண்டாமா என்று முடிவெடு. நிரப்பினால் நிரப்பியதாக எழுது.

எல்லாத் துருவப் பள்ளத்தாக்கும் இப்படி இல்லை. சைபீரியாவின் வெர்கோயான்ஸ்கில் 1892 பிப்ரவரியில் மைனஸ் 67.8, ஒய்மியாகோனில் 1933 பிப்ரவரியில் மைனஸ் 67.7. இரண்டுமே மலை சூழ்ந்த பள்ளங்கள். அங்கே உயரழுத்தம் வாரக்கணக்கில் மூடி போட்டது போல உட்கார்ந்துவிடும், காற்றே வராது, அதனால் குளத்தை உடைக்க ஆளில்லை. அங்கே ஜனவரியில் தெளிவான ஒரு பாதாளம் தெரியும். கிழக்கு அண்டார்டிகப் பீடபூமியில் செயற்கைக்கோள் கண்ட மைனஸ் 98 டிகிரித் தரை வெப்பநிலைகூட இரண்டு, மூன்று மீட்டர் ஆழமே உள்ள பனிப்பள்ளங்களில்தான் பதிவானது. குளிர் தேங்க அவ்வளவு பள்ளம் போதும். வடக்கே ஆர்க்டிக்கில், நார்வேயைச் சேர்ந்த ஸ்வால்பார்டு தீவுகளில் கதை வேறு. அங்கே கடற்பனி விலகி, ஈரக்காற்றும் மேகமும் வந்து, குளிர்காலத்திலேயே மழை பெய்கிறது. நம் நாட்டின் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் அங்கே இருக்கிறது, 2023 டிசம்பரில் முதல் குளிர்கால ஆர்க்டிக் பயணத்தையும் தொடங்கிவிட்டார்கள். முனைவர் பட்டத்துக்குப் போகிற எண்ணம் இருந்தால் அந்தப் பக்கம் கண் வை.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இதுதான். நீ நீக்க நினைத்த அந்த இரண்டு நாளையும் கோப்பில் அப்படியே விட்டுவை. வெப்பம் ஏறத் தொடங்கிய மணியைப் போனி, ஹோர், ஃப்ரிக்ஸெல் மூன்றிலும் குறித்துக்கொள். உள்ளேயிருந்து கடல் பக்கம் போகப் போக அது தள்ளிக்கொண்டே போகிறதா, ஃப்ரிக்ஸெலில் சில சமயம் வராமலே நின்றுவிடுகிறதா என்று பார். அதே மணியில் வைடா அசையாமல் கிடந்தால் அந்த வரைபடத்தை எனக்கு அனுப்பு. மார்கழி பிறந்ததும் ஒரு விடியற்காலையில் இரண்டு தெர்மாமீட்டரோடு ஒடுகத்தூருக்கு வா. ஒன்றைத் தரைப்பாலத்துக் கீழே கட்டுவோம், இன்னொன்றை மேட்டுப் புளியமரத்தில்.